ஜெனரேட்டருக்குக் கூரை போட்ட கொழுந்தன்மார்

கூழைக்குளத்துக்காரர்கள் புத்தியை அநாவசியமாகச் செலவழிப்பதில்லை. பாட்டன் காலத்துப் புத்தி மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்கிறது. அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டது செண்பகவல்லியின் தலையெழுத்து. தலையெழுத்தோடு சேர்த்து மூன்று கொழுந்தன்மாரையும் கொடுத்தார்கள்: தளவாய், கொம்பையா, மந்திரம்.

காற்றடித்து ஊரில் கரண்ட் போன அன்று அவளுடைய வாத்து முட்டைகள் பொரிக்கிற தறுவாயில் இருந்தன. பல்பு போட்ட பெட்டிக்குள் இதமாகக் கிடந்தவை. பல்பு அணைந்ததும் அத்தனையையும் மடியில் வாரிக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தால் சூடு போய்விடும். சூடு போனால் இந்த வருஷத்துப் பிழைப்பே போச்சு. புருஷனோ வெளியூரில். வேறு வழியில்லாமல் கொழுந்தன்மாரை வாடகை ஜெனரேட்டருக்கு அனுப்பினாள்.

கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். புகை ஆளைக் கொல்லும், வீட்டுக்குள் வைக்காதே. மழையில் நனைய விடாதே. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே, ஆறட்டும். ஆளுக்கொன்றாக மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள்.

ஜெனரேட்டரை வாசலுக்கு எட்டத்தில் வைத்தார்கள். வானம் கறுத்தது. சற்று நேரத்தில் செண்பகவல்லியின் தலைக்கு மேல் தகரம் கிறீச்சிட்டது.

"மேல என்ன சத்தம்?"

"கூரையைப் பிரிக்கோம் மதினி. எந்திரம் நனையக் கூடாதாம்," என்றான் கொம்பையா.

"அப்ப நான் நனையலாமா?"

மூவரும் கூடிப் பேசினார்கள். "உங்களைப் பத்திக் கடைக்காரர் ஒண்ணுஞ் சொல்லலையே மதினி."

கூரை போனது. ஜெனரேட்டர் தகரத்துக்கடியில் மாப்பிள்ளை முறுக்கோடு உறுமியது. பல்பு எரிந்தது. செண்பகவல்லி முட்டைகளைப் பெட்டியில் வைத்து, தூறல் படாமல் மேலே குடையைப் பிடித்தாள்.

திடீரென்று பல்பு அணைந்தது. உறுமல் மட்டும் நிற்கவில்லை.

"இப்ப என்னய்யா செஞ்சீங்க?"

"பெட்ரோல் குறையுது. ஊத்தணும்னா எந்திரம் ஆறணும்லா? அதான் உங்க வயரைப் பிடுங்கிட்டு ஃபேனைச் சொருகி அதுக்குக் காத்து காட்டுதோம்," என்றான் மந்திரம்.

"ஆஃப் பண்ணினா தானா ஆறிட்டுப் போகுது."

"ஆஃப் பண்ணினா ஃபேன் நின்னுரும். இதுகூடத் தெரியாம இருக்கியளே." தளவாய்க்கு அண்ணனை நினைத்துப் பாவமாக இருந்தது.

பெட்ரோல் தீரும்வரை ஆற்றினார்கள். ஜெனரேட்டர் நின்றது, ஃபேனும் நின்றது. இனி எதை வைத்து ஆற்றுவது என்று மூவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

இந்த மண்டைகளோடு பேசுவதற்கு முட்டைகளோடு பேசலாம் என்று செண்பகவல்லி அவற்றை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அங்கே நனையாத இடமும் ஜெனரேட்டரடிதான், மிச்சமிருந்த சூடும் அதில்தான். கை பொறுக்கிற சூடு வந்ததும் முட்டைகளை அணைத்தாற்போல் வைத்துக் கம்பளியைப் போர்த்தினாள்.

பொழுது சாய்வதற்குள் ஓடுகள் விரிந்தன. தலை நீட்டிய குஞ்சுகள் கண்முன் நின்ற ஜெனரேட்டரையே தாயென்று ஒட்டிக்கொண்டன. செண்பகவல்லிக்கு உயிர் வந்தது. குஞ்சுகளுக்குக் குருணை வாங்க ஓடினாள்.

திரும்பி வந்தபோது வாசலில், ஜெனரேட்டரைத் திருப்பி எடுக்க வந்த கடைக்காரர். ஜெனரேட்டருக்குத் தலையோடு கம்பளி சுற்றி, வேப்பிலை சொருகியிருந்தது. தளவாய் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளை பெத்த பச்சை உடம்பு. இப்பப் போய் வேலைக்குக் கூப்பிடுதியளே, நீங்க மனுசன்தானா?"

கடைக்காரர் அவனைத் தள்ளிவிட்டு, ஜெனரேட்டரைக் கிளப்பக் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. பெட்ரோல் டேங்கைத் திறந்தார். சுக்கும் கருப்பட்டியுமாக மணத்தது.

"உள்ள என்னத்தடா ஊத்துனீங்க?"

"பிரசவ லேகியம்," என்றான் மந்திரம். "பயப்படாதிய அண்ணாச்சி. நீங்க சொன்னது மாதிரி, நல்லா ஆறின பிறகுதான் ஊத்தினோம்."