திவான் ஏறிய பரண்

ஓணான்குடி ஜமீனுக்கு ஒரு புதுத் திவான் வந்து சேர்ந்தார். பெயர் கோதண்டராயர். விடிந்ததும் வேலையாட்களை முற்றத்தில் கூட்டி, நேரத்தின் அருமையைப் பற்றி உச்சிப்பொழுது வரை முழங்குவார். அதனால் ஜமீன்தாருக்கு மதியச் சோறு சாயங்காலம்தான் வந்தது.

ஒருநாள் பசியில் ஜமீன்தார் சீற, திவான் சமையற்காரி சடைச்சிமேல் பாய்ந்தார். "அவங்கவங்க திறமை பார்த்து வேலையைப் பிரிக்கத் தெரியாதா? நாளைக்கும் சோறு தாமதமானா உனக்கு வேலை இல்லை!"

"பிரிச்சிடறேன் சாமி. நான் சொன்னா எல்லாரும் கேப்பாங்களா?"

"எல்லாரும் கேக்கணும். இது என் உத்தரவு!"

மறுநாள் விடிந்ததும் திவானைக் கம்பங்கொல்லைக் காவல் பரண்மேல் ஏற்றிவிட்டாள் சடைச்சி. சொந்த உத்தரவை மீற முடியாமல், ஆத்திரத்தில் அங்கேயே கத்தித் தீர்த்தார் மனுஷர்.

உச்சிக்கு முன்பே ஜமீன்தார் இலையில் சோறு விழுந்தது. திவான் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னைக் குருவி விரட்ட வெச்சுட்டா!"

"உங்க தொண்டைக்கு அங்கே ஒரு குருவிகூட இறங்கலை சாமி. நீங்க இல்லாததால இங்கே சோறும் நேரத்துக்கு வெந்துடுச்சு."

ஜமீன்தார் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "கம்பு அறுத்ததும் இவரைச் சோளக்கொல்லைக்கு மாத்திடு, சடைச்சி."