ஈட்டி துளைத்த துண்டு

மருதங்குடி மயானத்தின் பரம்பரைக் காவலனாகிய சடையன் என்பானுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு.

"இருட்டில் முகம் தெரியவில்லை. வீடு புகுந்த திருடன் என்று உயிருக்குப் பயந்து ஈட்டியால் குத்தினேன். சட்டப்படி குற்றமில்லை" என்றார் மிராசுதார் விருத்தகிரியார், மயானத்தில் கிடத்தியிருந்த பிணத்தைக் காட்டி. விசாரணைக்கு வந்த தாசில்தாரும் தலையசைத்தார். மிராசுதார் பிடித்துவைத்த ஏர்மாடுகளைக் கேட்கவே தன் கணவன் வெள்ளையன் போனான் என்று கதறிய பெண்ணை எவரும் பொருட்படுத்தவில்லை.

சடையன் மட்டும் குழி தோண்டாமல் நின்றான்.

"என்னடா நிக்கிறே?" என்று அதட்டினார் மிராசுதார். "அவன் திருடன் இல்லேன்னு காட்டு பார்ப்போம். முடியலேன்னா உன்னையும் அதே குழியில இறக்கிடுவேன்."

"எசமான் சொன்னா சரிதானுங்க. எசமானுக்கு அவனை அடையாளம் தெரியலை. ஆனா அவனுக்கு எசமானைத் தெரிஞ்சிருக்குதுங்களே!"

"செத்தவன் வந்து உன்கிட்டச் சொன்னானா?"

"அவன் துண்டு சொல்லுதுங்க. களவுக்குப் போறவன் துண்டை முகத்துல கட்டுவான். எசமான் எதிர்ல நிக்கிறப்பதான் நாங்க அதை இடுப்புல கட்டுவோம்."

தாசில்தார் குனிந்து நோக்கினார். இடுப்பில் கட்டிய துண்டின் மடிப்புகளைத் துளைத்துக்கொண்டே ஈட்டி வயிற்றில் இறங்கியிருந்தது.

மிராசுதாரின் கைகளில் விலங்கு ஏறிய பிறகே சடையன் மண்வெட்டியைத் தொட்டான். திருடன் என்ற பெயர் நீங்கி வெள்ளையன் மண்ணுக்குள் போனது, பார்த்திப வருடம் ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.