கடைசிப் பந்தி

கொள்ளிடக் கரையில் இருந்த அந்த மடத்தில் தாண்டவராயர்தான் சமையல். மனிதருக்கு அறுபது நெருங்குகிறது. மடத்தை நடத்தும் அருளம்மைக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அதனால் என்ன, குரு குருதானே. "தாயே" என்று கைகட்டித்தான் நிற்பார்.

அன்றைக்கும் கைகட்டித்தான் நின்றார். ஆனால் தோளில் துணிப்பை தொங்கியது.

"உத்தரவு கொடுங்க தாயே. மலைப்பக்கம் போய் இருந்துடறேன்."

"என்ன ஆச்சு?"

"மனசு அடங்கணும்னுதான் இங்கே வந்தேன். வந்த நாளா அடுப்பும் அண்டாவும்தான். குழம்பு கொதிக்கும்போது ரசத்து நினைப்பு. ரசம் இறக்கும்போது நாளைக்குக் காய் வருமாங்கிற நினைப்பு. இப்படியே கண்ணை மூடிடுவேனோன்னு பயமா இருக்கு."

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், யார் மேலும் அவருக்குக் குறையில்லை. தன்னை நினைத்துத்தான் அந்த அழுகை.

அருளம்மை தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க. சாப்பிட்டாச்சா?"

"பந்தி முடிஞ்சுது. நான் வழியில பார்த்துக்கறேன்."

"இன்னைக்குக் குழம்புல உப்பு எப்படி?"

தாண்டவராயர் விழித்தார். படையலுக்குப் போகும் சமையலை முன்னால் ருசி பார்க்கக் கூடாது, அது மடத்து வழக்கம். கை அளவுதான் கணக்கு. சரி, படைத்த பிறகு சாப்பிடலாமே? இவர் அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். அந்த நாக்குக்கு என்ன தெரியும்?

அருளம்மை ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"உட்காருங்க."

"நீங்க பரிமாறுறதாவது தாயே..."

"உட்காருங்க, தாண்டவராயரே."

உட்கார்ந்தார். போட்ட சாதம் போன இடம் தெரியவில்லை.

"எப்படி இருந்தது?"

"கவனிக்கலை."

மறுபடி சாதம் போட்டு, குழம்பு ஊற்றினார்.

"இப்போ?"

"அருவாமணையை யார்கிட்ட ஒப்படைக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன், தாயே."

அருளம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் போட்டார். திட்டவில்லை.

இந்தத் தடவை தாண்டவராயர் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தார். நிதானமாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பூசணித் துண்டு குழையாமல் வெந்திருந்தது. புளி அளவாக இருந்தது. வறுத்த மல்லி வாசம் மெல்ல எழுந்தது. மென்றுகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். கண் நிறைந்துவிட்டது.

"இதையா நான் தினமும் சமைக்கிறேன்?"

"இதைத்தான்."

"ஒருத்தரும் சொல்லலையே."

"பந்தியில சாப்பிட்டவங்க எழுந்து போகும்போது அடுக்களைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுட்டுத்தான் போறாங்க. நீங்க அண்டாவுக்குள்ள தலையை விட்டுட்டிருப்பீங்க."

தாண்டவராயருக்குக் கும்பிட்டுவிட்டுப் போன அத்தனை பேரையும் கூப்பிட்டுப் பதிலுக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எச்சில் கையோடு எங்கே கும்பிடுவது? இலைக்கு முன்னால் தலையை மட்டும் தாழ்த்தினார். கொல்லையில் தென்னை ஓலை அசைவது கேட்டது. அதுகூட இன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது.

இன்னொரு வாய் வைத்து மென்றுவிட்டுக் கேட்டார்.

"மலையில இப்படி இருக்குமா தாயே?"

"அங்கேயும் பசிக்கும். மோர் ஊத்தட்டுமா?"

தாண்டவராயர் சாதத்தின் நடுவே குழி செய்து, மோர் ஓடாமல் கையால் அணை கட்டினார்.