குளத்தார் யார்?

ஆவாரங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்கு ஒரு தவளைதான் தலைவர். யாருக்குக் குரல் பெரிதோ அவரே தலைவர் என்பது அங்கே வழக்கம். வேறு தகுதி எதையும் யாரும் கேட்பதில்லை.

பங்குனி வெயில் கொளுத்தியது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. தவளை கரையில் இருந்த ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது. தொண்டையை உப்பிக்கொண்டு அறிவித்தது.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! இன்று முதல் இந்தத் தண்ணீர் குளத்தாருக்கு மட்டுமே! மற்றவர்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது!"

ஒரே ஆரவாரம்! மீன்கள் துள்ளின. எருமை வாலைச் சுழற்றியது. எருமையின் முதுகில் இருந்த உண்ணிக்கொக்கு இறக்கையை அடித்துக்கொண்டது. ஒவ்வொன்றும் தன்னைத்தான் குளத்தார் என்று நினைத்துக்கொண்டது. வெளியே போகப்போவது வேறு யாரோ!

ஆமை மட்டும் கழுத்தை நீட்டியது. "தலைவரே, ஒரு சந்தேகம். குளத்தார்னா யாரு?"

தவளை திகைத்தது. காலையில் "குளத்தாரே, எழுந்திருங்கள்!" என்று கத்துவதும் அதுதான். மாலையில் "குளத்தாரே, உறங்குங்கள்!" என்று கத்துவதும் அதுதான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"இதென்ன கேள்வி! குளத்தில் பிறந்தவர்கள் குளத்தார்!"

"அப்ப நான் இல்லையா? எங்கம்மா முட்டை போட்டது கரை மணல்லதான்!"

"நாங்க ஓடையில பொறந்தவங்க. வெள்ளத்தோட வந்தோம்," என்று கெண்டை மீன்கள் முணுமுணுத்தன.

அப்போது மேலே 'ஙொய்' என்று ஒரு சத்தம். கொசுக்கூட்டம்! "நாங்க பொறந்தது இங்கதான்! எங்கம்மா, அவங்கம்மா எல்லாரும் இங்கதான் பொறந்தாங்க! நாங்கதான் அசல் குளத்தார்!"

தவளையின் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கூட்டம் நடக்கும்போது குளத்தாரை விழுங்குவது தலைவருக்கு அழகா? அடக்கிக்கொண்டது.

"சரி, சரி! பிறப்பை விடுங்கள். இரவில் குளத்தில் தங்குகிறவர்களே குளத்தார்!"

"அப்படிச் சொல்லுங்க தலைவரே!" என்று நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தண்ணீர்ப் பாம்பு! "ராத்திரி பூரா நான் இங்கதான். சாப்பாடும் இங்கதான்." அது தவளையை மிகவும் அன்பாகப் பார்த்தது.

தவளை சட்டென்று பின்வாங்கியது. "இல்லை, இல்லை! தண்ணீரை விட்டு வெளியே வராதவர்களே குளத்தார்! இதுவே முடிவு!"

"அது சரி, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது தவளையின் மனைவி.

தவளை குனிந்து பார்த்தது. காலுக்குக் கீழே கல் காய்ந்து கிடந்தது.

மீன்கள் விழுந்து விழுந்து சிரித்தன. தலைவருக்கு அவமானம் தாங்கவில்லை. அவமானப்பட்ட தலைவர்கள் என்ன செய்வார்களோ, அதைத்தான் அதுவும் செய்தது. யார் மேல் பாயலாம் என்று சுற்றிப் பார்த்தது. எருமை கண்ணில் பட்டது.

"நீ! நீ நிச்சயமாகக் குளத்தார் இல்லை! மழைக்காலத்தில் மேட்டுக்காட்டில் மேய்கிறாய். வெயில் வந்தால் இங்கே வந்து படுத்துக்கொள்கிறாய். பாதித் தண்ணீரைக் குடிக்கிறாய், மீதியைக் கலக்குகிறாய். வெளியே போ!"

"தம்பி, வெயில் தாங்க முடியாதுப்பா. என் தோலு வெடிச்சிரும்," என்றது எருமை.

"போ என்றால் போ!"

யாரும் வாய் திறக்கவில்லை. அது அநியாயம் என்று ஆமைக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நாம் தப்பித்தோமே என்ற நிம்மதியில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. எருமை எழுந்தது. மெல்லக் கரையேறிப் போய் ஒரு வேலமரத்தின் அரைகுறை நிழலில் நின்றது. கொக்கும் கூடவே போனது.

சில நாட்கள் குளம் தெளிவாக இருந்தது. "பார்த்தீர்களா! கலக்க ஆள் இல்லை!" என்று தவளை பெருமையடித்துக்கொண்டது. அங்கே வேலமரத்தடியில் எருமையின் தோல் காய்ந்து வெடித்தது. என்ன, ஏது என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

ஒரு நாள் உச்சிவெயில் நேரம். கரையில் நண்டு தோண்டியிருந்த வளை ஒன்று உடைத்துக்கொண்டது! தண்ணீர் சலசலவென்று பள்ளத்தை நோக்கி ஓடியது. இருக்கிற கொஞ்சமும் போய்விட்டால் குளத்தில் இருப்பவர்கள் சேற்றில் துடித்துச் சாக வேண்டியதுதான்!

"குளத்தாரே! குளத்தாரே! ஓடி வாங்க!" தவளை தொண்டை கிழியக் கத்தியது. செந்தமிழெல்லாம் பறந்துவிட்டது.

கொசுக்கள்தான் முதலில் வந்தன. எட்டிப் பார்த்தன. "நாங்க இங்க பொறந்ததோட சரி! இதெல்லாம் எங்க வேலை இல்ல!" என்று பறந்துபோயின.

"எனக்கு ராத்திரிதான் கணக்கு!" என்று பாம்பு நாணலுக்குள் நழுவியது.

மீன்கள் மூக்கால் சேற்றைத் தள்ளின. தவளையும் மனைவியும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டன. ஆமை ஓட்டையை அடைத்தபடி உட்கார்ந்தது. தண்ணீர் அதையும் சேர்த்துத் தள்ளப் பார்த்தது.

"தலைவரே, என்னால முடியல!"

அப்போது திம் திம் என்று சத்தம் கேட்டது. எருமை ஓடி வந்துகொண்டிருந்தது! ஆனால் தண்ணீரின் ஓரத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிட்டது.

"ஏன் நிக்கிற? வா!" என்று தவளை கத்தியது.

"நீ குளத்தாரைத்தானே தம்பி கூப்பிட்ட? சத்தம் கேட்டதும் காலு தானா ஓடி வந்துருச்சு. இங்க வந்தப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. நான் உள்ள வரலாமா?"

தவளை எருமையின் வெடித்த தோலைப் பார்த்தது. அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து சின்னக் குரல்தான் வந்தது.

"உன்னத்தான் கூப்பிட்டேன் அக்கா. வா."

எருமை இறங்கியது. ஆமை தன் வாழ்நாளில் முதல் முறையாக அவசரமாக விலகியது. எருமை களிமண்ணை மிதி மிதியென்று மிதித்து ஓட்டைக்குள் தள்ளியது. பிறகு அதன் மேலேயே உடம்பைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. சலசலப்பு நின்றது. குளம் தப்பியது!

தண்ணீர் நன்றாகக் கலங்கிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. தவளையும் மனைவியும் ஈரச்சேற்றை அள்ளி எருமையின் வெடித்த தோலில் பூசிவிட்டன. "அன்னிக்கே நான் பேசியிருக்கணும்," என்று ஆமை எருமையின் காதருகே வந்து சொன்னது. எருமை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

மழை வந்தது. குளம் நிரம்பியது. எருமை வழக்கம்போல மேட்டுக்காட்டுக்கு மேயப் போனது. "சீக்கிரம் வந்துரு அக்கா!" என்று குளமே வழியனுப்பியது.

எங்கிருந்தோ ஒரு ஜோடி வாத்துகள் பறந்து வந்தன. கரையில் தயங்கி நின்றன. "இந்தத் தண்ணி குளத்தாருக்கு மட்டும்னு சொன்னாங்களே? நாங்க எறங்கலாமா?"

தவளை தொண்டையை உப்பியது. பழைய பழக்கம்! பிறகு மெல்லக் காற்றை வெளியே விட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். குளத்துக்கு ஆபத்துன்னு கூப்பிட்டா வருவீங்களா?"

"ஓ, வருவோமே!"

"அப்புறம் என்ன கரையில நின்னு பேச்சு? எறங்குங்க!"

மேலே கொசுக்கள் வட்டமிட்டன. "நாங்கதான் அசல்..." என்று ஆரம்பித்தன. சொல்லி முடிப்பதற்குள் தவளையின் நாக்கு நீண்டுவிட்டது. இப்போது கூட்டம் ஒன்றும் நடக்கவில்லையே!

ஓர் இடத்தில் பிறந்ததாலோ படுத்து உறங்குவதாலோ ஒருவர் அந்த இடத்தார் ஆகிவிடுவதில்லை. அந்த இடத்துக்கு ஆபத்து என்றதும் ஓடி வருகிறவரே அந்த இடத்தார்.