நொறுங்கிய அப்பளமும் எல்லை மூங்கிலும்

முன்னொரு காலத்தில், மாமியார் வீட்டு விருந்தில் தன் இலைக்கு வந்த அப்பளம் நொறுங்கியிருந்தது என்று பாதியில் எழுந்து வந்துவிட்ட மன்னர் ஒருவர் இருந்தார். மாப்பிள்ளை முறுக்கு யாரை விட்டது? மாமனாரோ அண்டை நாட்டு ராஜா. "அந்நாட்டிலிருந்து எதுவும் நம் எல்லைக்குள் வரக் கூடாது" என்று ஆணை போட்டார் மன்னர்.

மாமனார் சும்மா இருப்பாரா? நம் வெல்லம் வேண்டாமென்று வேறு தேசத்தில் வாங்கிக்கொண்டார். அங்கே விலைபோகாத உப்பு மழையில் கரைந்தது. இங்கே வெல்லத்தை எறும்பு தின்றது. ஊறுகாய்ப் பானைகள் காலி. அமைச்சர் தில்லைவிடங்கர் வீட்டுக் கொல்லையில் மட்டும், முன்கூட்டியே வாங்கிக் குவித்த உப்பு. ஒரு படி உப்புக்கு ஓர் ஆடு விலை. தெருவுக்கே தெரியும், மன்னருக்குத்தான் தெரியாது.

விகடகவி பொன்னுரங்கம் போட்டுக் கொடுத்துவிடுவானோ என்று அமைச்சருக்குப் பயம். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மகாராணி குழந்தையோடு திரும்பும் நாள் பார்த்து, அவனை எல்லைக் காவலுக்கு அனுப்பச் செய்தார். விட்டால் ஆணை மீறிய குற்றம். மறித்தால் மன்னர் கோபம். இரண்டுக்கும் தலைதான். பொன்னுரங்கம் கழுத்தைத் தடவிக்கொண்டே போய் நின்றான்.

பல்லக்கு வந்தது. முதன்முதலாக மகனைப் பார்க்க மன்னர் ஓடி வந்தார். அமைச்சரும் வந்தார், வேடிக்கை பார்க்க.

பொன்னுரங்கம் மூங்கில் தடுப்பைத் தூக்கினான். "மகாராணியார் வரலாம். இங்கிருந்து போனவர், வீடு திரும்புகிறார்." பின்னால் குழந்தையோடு தாதி வந்ததும் மூங்கிலை இறக்கிவிட்டான். "இளவரசர் அந்நாட்டில் பிறந்தவர். தங்கள் ஆணைப்படி அங்கேயே இருக்கட்டும், மன்னா."

"என்ன திமிர்? அவன் என் மகன்."

"யார் இல்லையென்றது?"

மகாராணி மன்னரை முறைத்தாள். "ஓர் அப்பளத்துக்காகப் பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்துகிறீர்களா? அவன் அங்கே என்றால் நானும் அங்கேதான்." திரும்பி நடந்தாள்.

மன்னருக்கு வியர்த்தது. "சரியப்பா, குழந்தைக்கு மட்டும் விலக்கு."

"உத்தரவு. ஆனால் வயிற்றில் அந்நாட்டுப் பால் இருக்கிறதே, அதை எங்கே இறக்கிவைப்பது?"

பாதியைக் குழந்தை அப்போதே தாதியின் மடியில் இறக்கிவைத்தது. மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆணையே ரத்து. தூக்கு மூங்கிலை."

"அவசரப்படலாமா, மன்னா? உப்பு விலை விழுந்துவிடுமே" என்று அமைச்சர் வாயைவிட்டார்.

"விழுந்தால் உமக்கென்ன?"

"அவர் கொல்லைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள், மன்னா" என்றான் பொன்னுரங்கம்.

மன்னர் போய்ப் பார்த்தார். அங்கே குவிந்திருந்த உப்பு முழுவதும் பொன்னுரங்கத்துக்கே பரிசு. அவன் அதை வீடு வீடாக வாரிக் கொடுத்தான். அளந்து போட்டவர் அமைச்சர்தான்.

அடுத்த விருந்தில் அப்பளம் முழுசாக வந்ததாம். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? தாமே நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டார்.