தளவாயின் ஜல்லியும் காத்தாயியின் தூணும்

காத்தாயி தன் புருஷனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் காய்ச்சலில் கிடந்தபடி ஒரு வெடிமருந்து மணியை விரலில் உருட்டி, "இன்னும் பெரிசா உடைடி" என்றான். அந்தக் காலத்தில் ஆனைக்குன்றம் நாட்டைக் கொண்டல்ராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சத்தம் என்றால் அவருக்கு உயிர். அவர் தும்மினால்கூட முரசு அடிக்க வேண்டும்.

புருஷன் போன பிறகு அரண்மனைக்கு வெடிமருந்து இடித்துக் கொடுத்தவள் காத்தாயிதான். ஒருநாள் ராஜா, கோயிலுக்கு ஒரே கல்லில் நாற்பதடித் தூண் வேண்டும் என்றார். குன்றில் அந்த நீளத்துக்கு இரண்டு பாறைகளே இருந்தன. படையை நடத்தும் தளவாய் சங்கிலிமுத்து, கடுகளவு மணிகளாக இடித்த மருந்தை நிரப்பி முதல் பாறைக்குத் தீ வைத்தான். ஊரே அதிர்ந்தது. ராஜா கைதட்டினார். புகை விலகியதும் பார்த்தால், பாறை இருந்த இடத்தில் ஜல்லி.

"மருந்து இடித்தவள் மேல்தான் குற்றம்" என்றான் தளவாய். காத்தாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"தளவாய் ஐயா கேட்டு வாங்கியது துப்பாக்கி மருந்து, மகாராஜா. பாறைக்குப் புளியங்கொட்டை அளவு மணி வேண்டும். அது மெதுவாக எரியும்."

"மெதுவாக எரிய அது என்ன அடுப்பு விறகா?" என்றான் தளவாய். சபை சிரித்தது.

"மற்ற பாறை உன் பொறுப்பு" என்றார் ராஜா. "அதுவும் நொறுங்கினால் உன் மருந்துக் கொட்டகை தளவாய்க்கு. நீ நாட்டு எல்லைக்கு அப்பால்."

"சரிங்க மகாராஜா. அதற்கு முன் தாங்கள் கொஞ்சம் சபை ஓரத்து ஊஞ்சலில் உட்கார வேண்டும்."

ராஜா உட்கார்ந்தார். சங்கிலி முனகியது.

"தளவாய் ஐயா, உங்கள் மருந்து மாதிரியே ஆட்டுங்கள். சட்டென்று ஒரே அறை!"

பளார்! பலகை அதிர்ந்தது; ஊஞ்சல் அசையவில்லை. தளவாய் உள்ளங்கையை ஊதிக்கொண்டான். காத்தாயி பலகையில் கைவைத்து, சாய்ந்து, நாலு அடி நடந்தபடி தள்ளினாள். ராஜா மேலே போனார். கிரீடம் கீழே வந்தது.

"போதும், போதும்! நிறுத்து!"

"கனமானது நகர நேரம் வேண்டும், மகாராஜா. வேக மருந்து அறையும். என் மருந்து தள்ளும்."

"அப்படியானால் என்னைப் பாறை என்கிறாயா?"

"தளவாய் அறைந்தும் அசையாதவர் என்கிறேன்."

ராஜா மீசைக்குள் சிரித்தார்.

மறுநாள் பாறையில் வரிசையாகத் துளை போட்டு, பெரிய மணி மருந்தை நிரப்பி, களிமண்ணால் அடைத்துத் தீ வைத்தாள். 'தும்' என்றது. அவ்வளவுதான். ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"குன்றுக்கு ஏப்பம் வந்திருக்கிறது!" என்றான் தளவாய்.

காத்தாயி முன்னே நடந்தாள். நாற்பதடிக் கல் குன்றை விட்டு ஒரு சாண் விலகி, கீறலில்லாமல் கிடந்தது. ராஜா அந்த இடைவெளிக்குள் கையை விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார்.

"இன்றுமுதல் அரண்மனை மருந்துக்கு நீதான் தலைவி" என்றார். பிறகு திரும்பி, "தளவாயே, நீர் செய்த ஜல்லி வீணாகக் கூடாது. கோயில் பாதைக்குச் சுமந்து போடும். கூடையை உம் தலையில் நானே ஏற்றிவிடுகிறேன்."

தூண் இன்றும் கோயிலில் நிற்கிறது. வடக்குப் பக்கத்தை மட்டும் சிற்பிகள் செதுக்கவில்லை. அதில் காத்தாயி போட்ட பதினேழு துளைகள், கல்லோடு பிளந்து, பாதிப் பாதியாக இருக்கின்றன.