பெயர் தெரியாதவர்

வேதாரண்யம் பக்கம், உப்பளங்களுக்கு நடுவே, வழிதவறி வந்த பெண்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. சமூகப்பணிப் படிப்பின் களப்பயிற்சிக்காக வடிவாம்பாள் அங்கே வந்தாள். பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் தைத்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் கல்லூரிக்குப் போனவள். அவளுக்குப் பயிற்சி தந்த ஷமீமாவுக்கு முப்பதுதான்.

காப்பகத்தில் ஒரு பெண் எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை. பதிவேட்டில் அவள் 'பெயர் தெரியாதவர்'. வரும் திங்கட்கிழமை அவளை எங்கோ தூரத்து மனநல விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

வடிவாம்பாள் படிவத்தோடு தினமும் அவளிடம் போனாள். பெயர் என்ன? எந்த ஊர்? வீட்டில் யார் யார்? படிவம் வெறுமையாகவே திரும்பி வந்தது.

"எப்படிக் கேட்டா மேடம் பதில் வரும்? வகுப்புல சொல்லிக் கொடுத்த மாதிரியெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன்."

ஷமீமா படிவத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

"போய் அவங்க பக்கத்துல உக்காருங்கக்கா."

"உக்காந்து?"

"உக்காருங்க."

முதல் நாள் வடிவாம்பாளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரண்டாம் நாள் தூக்கம் வந்தது. மூன்றாம் நாள் காலை பனி இறங்கியிருந்தது. எது வானம், எது உப்பு என்று பிரியவில்லை. உப்புக் குவியல்கள் மிதந்துகொண்டிருந்தன. இரண்டு பெண்களும் ஒரே மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒனக்கு எந்த ஊரு?"

வடிவாம்பாள் திரும்பிப் பார்த்தாள். "ஊத்துக்குளி."

"வூட்ல யாரு இருக்கா?"

"ஒரு பொண்ணு இருந்தா."

"இப்ப?"

வடிவாம்பாள் எழுந்துவிட்டாள். பனியைக் கலைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடி வந்தாள்.

"பேசிட்டாங்க மேடம்!"

நடந்ததை ஷமீமா முழுக்கக் கேட்டாள். பிறகு போனை எடுத்து, திங்கட்கிழமை வண்டி வேண்டாம் என்று சொன்னாள்.

"படிவத்தைக் குடுங்க மேடம். இப்பக் கேட்டா எல்லாம் சொல்லிடுவாங்க."

"அவங்க கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

வடிவாம்பாள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"எந்திரிச்சு வந்துட்டேன்."

ஷமீமா இழுப்பறையைத் திறக்கவில்லை.

"அவங்க இன்னும் கேட்டு முடிக்கலையேக்கா."